டவர் கிடைக்காத வகுப்பறையில் தாக்குப்பிடித்தவை

ஏற்காட்டுப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். "ஆசிரியர்களுக்கு உதவும் செயலிகள்" என்று நண்பர்கள் அனுப்பும் பட்டியல்களில் பாதி, அடிவாரம் தாண்டியதுமே மூச்சை விட்டுவிடும். அஸ்தம்பட்டியில் ஜம்மென்று ஓடுவது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்தால் சுற்றிக்கொண்டே நிற்கும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாளென்றால் கரண்ட்டும் போய்விடும், அப்புறம் ஸ்மார்ட் டிவி சுவரில் மாட்டிய கருப்புப் பலகைதான்.

அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. பிள்ளைகள் கையில் போன் இல்லாமல், நெட் தள்ளாடினாலும் வகுப்பில் ஓடுமா? நாலு மணிக்கு மேல் என் வேலையைக் குறைக்குமா? இரண்டுக்கும் இல்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடுவேன். சில வருடங்களாக இப்படிக் கழித்துக் கழித்து மிச்சமிருப்பவை பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலிடம் பிளிக்கர்ஸ் செயலிக்கு. தெரியாதவர்களுக்காக: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு கருப்பு வெள்ளை வடிவம், ஒவ்வோர் அட்டையிலும் வேறு வேறு. அட்டையின் நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு வீச்சு காட்டினால் போதும், யார் எதைச் சொன்னார்கள் என்று வந்துவிடும். சரியான விடையை முன்பே குறித்து வைத்திருந்தால் பச்சை, சிவப்பு என்று பிரித்தும் காட்டும், அதுவும் நம் போனில் மட்டும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து அடிக்க முடியாது, வடிவமும் ஆளுக்கு ஆள் மாறும். கை தூக்கச் சொன்னால் எப்போதும் தூக்குகிற அதே நாலு பேர்தான் தூக்குவார்கள். இதில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளையும் பதில் சொல்லியாக வேண்டும், தப்பாகச் சொன்னாலும் வேறு யாருக்கும் தெரியாது.

இது எப்படி உதவுகிறது என்பதற்கு ஒரு வகுப்பைச் சொல்கிறேன். "ஏற்காட்டில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று கேட்டேன். விடைகள்: சரியாக 100, நூறுக்கு மேல், நூறுக்குக் கீழ், எல்லா ஊரிலும் ஒன்றுதான். கேமராவைக் காட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. பாதிக்கு மேல் "நூறுக்கு மேல்". ஏன் என்று கேட்டதற்கு ஒருவன், "இங்க குளுருது இல்ல டீச்சர், அப்ப சூடாக ரொம்ப நேரம் ஆகும், நூறு பத்தாது" என்றான். நியாயமான யோசனைதான்! கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் முதல் பெஞ்சுப் பெண் சரியாகச் சொல்லியிருப்பாள், நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். இந்தச் சிவப்பைப் பார்த்ததால்தான் நின்றேன். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்பிப்போவதை எல்லோரும் பஸ்ஸில் பார்த்திருக்கிறார்கள், அதில் ஆரம்பித்து காற்றழுத்தத்துக்கு வந்தோம். அப்புறம் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியை விட்டோம். 1,500 மீட்டர் உயரத்தில் கொதிநிலை 95 டிகிரியை ஒட்டித்தான் வரும், அங்கேயே நின்றது. "அதான் டீச்சர், குக்கர் இல்லாம பருப்பு வேகாதுன்னு எங்கம்மா சொல்லும்" என்று ஒரு பெண் சொன்னாள். அடுத்த நாள் அதே கேள்வியை இடம் மாற்றிப் போட்டேன், பெரும்பாலும் பச்சை.

சில நடைமுறைக் குறிப்புகள். அட்டைகளை இலவசமாகவே பிடிஎஃப் ஆக எடுக்கலாம், 40 அட்டை கொண்ட தொகுப்பு, ஒரு தாளில் இரண்டு வரும். லேமினேஷன் போடும்போது பளபளப்பான தாள் வேண்டாம், மேட் போடச் சொல்லுங்கள். பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமரா அட்டையைப் படிக்காது. பிள்ளைகளின் பெயரை ஏற்ற வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டு எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாக இருக்கட்டும், யார் என்பது நமக்குத் தெரிந்தால் போதும். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் ஐந்து கேள்விதான் வைக்க முடியும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஒரு பீரியடில் ஐந்துக்கு மேல் கேட்டால் அது பரீட்சை. கொஞ்சம் நெட் வேண்டும்தான், ஆனால் வீடியோ மாதிரி இழுக்காது. எங்கள் வகுப்பில் ஜன்னலோரம் நின்றால் கிடைக்கும் ஒன்றிரண்டு கோடு போதுமானதாக இருக்கிறது. அட்டையில் உள்ள வடிவத்தை விரலால் மறைத்துப் பிடிப்பதுதான் தினசரித் தொல்லை. "ஓரத்தைப் புடிங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போனது.

அடுத்தது ஃபெட். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்திலிருந்து வருகிற, திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் அறிவியல், கணித மாதிரிகள். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. முழுக்க இலவசம், பல மாதிரிகள் தமிழிலும் இருக்கின்றன. எனக்கு இதில் பிடித்ததே வேறு: பெரும்பாலான மாதிரிகளை ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பென்டிரைவில் போட்டு மடிக்கணினியில் இரட்டைச் சொடுக்கு, பிரவுசரில் திறந்துகொள்ளும், நெட்டே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் வீட்டில் இருக்கும்போது அந்த வாரத்துக்கு வேண்டியதை இறக்கிவிடுவேன்.

மின்சுற்றுப் பாடத்துக்கு அதில் இருக்கும் மாதிரியைக் கட்டாயம் பாருங்கள். மின்கலம், கம்பி, விளக்கு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்கலாம். விளக்கே இல்லாமல் கம்பியால் இரண்டு முனையையும் நேராகச் சேர்த்தால் திரையில் தீப்பிடிக்கும். அதைப் பார்த்த வகுப்பு ஒரு நிமிடம் அடங்கவில்லை, எல்லோருக்கும் தீ வைக்க வேண்டும். வைக்கட்டும் என்று விட்டேன். குறுக்குச் சுற்று என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. பருப்பொருளின் நிலைகள் மாதிரியில் அழுத்தம் அதிகமானால் மூடி பிய்த்துக்கொண்டு பறக்கும், அதற்கும் இதே கதைதான். ஒன்று மட்டும், நிஜ மின்கலமும் டார்ச் பல்பும் வைத்துச் செய்த பிறகு இதைக் காட்டுங்கள். முதலிலேயே திரையைக் காட்டினால் கையால் செய்வது சப்பென்று ஆகிவிடுகிறது.

பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடுகளை வகுப்பு நேரத்தில் ஸ்கேன் செய்து வீடியோ வரும் வரை காத்திருப்பது எங்களுக்கு ஒத்துவராது. தீக்‌ஷா செயலியில் அந்தப் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கும் வசதி இருக்கிறது, அது போதும். தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியும் போனில் இருக்கிறது. அதன் காணொலிகளை நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதைவிட, பாடம் எடுப்பதற்கு முந்தின இரவு நான் பார்ப்பதுதான் அதிகம், குறிப்பாகக் கணக்கில் வேறு எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசிக்க.

இனி நாலு மணிக்கு மேலான வேலை. எங்கள் பள்ளிக் கணினியில் பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்தன. போனில் திறந்தால் "mwptpay;" என்கிற மாதிரி ஆங்கில எழுத்தாகக் கொட்டும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தால் யூனிகோடாகிவிடும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரு விடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி, பாடவாரியாகக் கோப்பாக்கியதுதான் நான் செய்த உருப்படியான காரியம். இப்போது வினாத்தாள் என்பது வெட்டி ஒட்டும் வேலை. புதிதாக எழுதுவதற்குப் போனில் ஜிபோர்டு விசைப்பலகையின் குரல் தட்டச்சு. வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடக்குறிப்பைச் சொல்லிவிடுவேன், பிறகு பத்து நிமிடம் திருத்தம். கணக்குக்கு மட்டும் இது ஆகாது, பின்னமும் அடுக்கும் சொல்லி எழுத வைப்பதற்குக் கையாலேயே எழுதிவிடலாம். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றுவதானால் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் வரும், தமிழுக்கும் செய்யும். எந்தக் கருவியில் மாற்றினாலும் ரகரமும் துணைக்காலும் குழம்புகிறதா என்று ஒருமுறை கண்ணை ஓட்டிவிடுங்கள்.

மதிப்பெண் பதிவுக்கு கூகுள் ஷீட்ஸ், போனில் ஆஃப்லைன் வசதியைப் போட்டுவிட்டு. வளரறி (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) 40, தொகுத்தறி (பருவ முடிவுத் தேர்வு) 60, கூட்டுத்தொகை, அதற்கு நேர் தரநிலை என்று சூத்திரத்தை ஒருமுறை எழுதிவிட்டால் பருவத்துக்குப் பருவம் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். 91க்கு ஏ1, 81க்கு ஏ2 என்று கீழே ஒரு சின்ன அட்டவணை, விலுக்கப் என்ற தேடும் சூத்திரம் அதைப் பார்த்துக்கொள்ளும். பருவ முடிவில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டு உட்காரும் மாலைகள் இதோடு ஒழிந்தன.

பெற்றோரோடு பேச வாட்ஸப் குழு வைத்திருந்தேன். குட் மார்னிங் பூக்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் நடுவில் நான் போடும் தகவல் காணாமல் போகும். இப்போது பிராட்காஸ்ட் லிஸ்ட், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். நம் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும் என்பதால், பெற்றோர் கூட்டத்தன்று ஒவ்வொருவர் போனிலும் நானே சேமித்துக் கொடுத்துவிடுகிறேன். எழுத்தில் எதுவும் அனுப்புவதில்லை, அரை நிமிடக் குரல் செய்திதான். காபி பழம் பறிக்கும் பருவத்தில் அப்பா அம்மா இருவரும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், பெரிய பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும். "உங்க பொண்ணு இன்னிக்கு வரலைங்க, நாளைக்கு வெப்பம் பாடத்துக்குச் சோதனை செய்யப்போறோம், தவறாம அனுப்பிவைங்க" என்று குரலில் கேட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். எழுதி அனுப்பிய காலத்தில் அந்தப் பிள்ளையேதான் அதை வாசித்துக் காட்டியாக வேண்டும், அது எப்படி வாசிக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

வீட்டுப்பாடத்தை கூகுள் ஃபார்ம்ஸில் கொடுப்பது, ஆளுக்கொரு போனோடு ஆடும் வினாடி வினா விளையாட்டுகள் எல்லாம் இங்கே எடுபடவில்லை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் வரும். இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று வகுப்பைப் பிரிக்க எனக்கு மனமில்லை.

செயற்கை நுண்ணறிவை நான் ஒரே வேலைக்குத்தான் வைத்திருக்கிறேன்: தப்பான விடைகளைத் தயாரிக்க. "இந்தக் கேள்விக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கமாக எப்படியெல்லாம் தப்பாக நினைப்பார்கள்" என்று கேட்டால் நல்ல தீனி கிடைக்கும். பலவுள் தெரிகவில் தப்பான விடைகள் சப்பையாக இருந்தால் கேள்வியே வீண் என்பது பிளிக்கர்ஸ் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் முழு வினாத்தாளையும் அதனிடம் ஒப்படைப்பதில்லை. நாலு விடையில் இரண்டு சரியாக இருக்கும், அதைக் கண்டுபிடித்துக் கை தூக்குவது பிள்ளைகளாக இருந்தால் மானம் போகும்.

வன்பொருள் என்று பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர், தகரக் கூரையில் மழை அடிக்கும்போது போனின் சத்தம் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது என்பதற்காக. ஒரு பவர் பேங்க், போனிலும் சொருகுகிற ஒரு ஓடிஜி பென்டிரைவ். மேசையில் கவ்விப் பிடிக்கும் வளைகிற போன் தாங்கி ஒன்று, இதற்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதுவேன். போனைக் கவிழ்த்து மாட்டி, ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைக் கீழே வைத்து வீடியோ எடுத்தால், அவள் வகுத்தல் போடும் விதம் அப்படியே பதிவாகிவிடும். அதை மடிக்கணினியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினால், நான் பலகையில் போடுவதைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள். முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும் என்பதால் கூச்சமும் இல்லை.

இந்த வருடம் புதிதாகச் சேர்த்தது கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி நெட் இல்லாமல் படிக்க உதவும் இலவச மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியாவும் கிடைக்கும். எட்டாம் வகுப்புக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிடுகிறேன். முதலில் தேடியது தோனி, அது எதிர்பார்த்ததுதான். அடுத்து காட்டெருமை, ஏனென்றால் அந்த வாரம் எஸ்டேட் பாதையில் ஒன்று நின்றுகொண்டு வழிவிடவில்லையாம். இறக்கும்போது படங்களோடு ஒரு பதிப்பு, படம் இல்லாமல் ஒரு பதிப்பு என்று இருக்கும். கோப்பு சிறியது என்று படம் இல்லாததை எடுத்துவிடாதீர்கள், காட்டெருமையைத் தேடிய பிள்ளைக்கு முதலில் வேண்டியது படம்.