பென்டிராகன் 5.2: நான் சொல்வதைக் கேட்காத என் நைட்

டேபிள்டாப் ஆர்பிஜியில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டில்) கேரக்டரின் மனசுக்கு விதி எழுதினாலே பாதிப் பேருக்கு ஆகாது. என் கேரக்டர் என்ன செய்வான் என்று நான்தானே சொல்லணும், பகடை யார் சொல்ல என்பார்கள். 1985இலேயே கிரெக் ஸ்டாஃபோர்ட் அந்தக் கேள்விக்கு எழுதிய பதில்தான் பென்டிராகன். ஆர்தர் மன்னர் கதை, நீங்கள் ஒரு நைட் (மன்னனுக்குச் சேவை செய்யும் குதிரைவீரன்), மந்திரவாதி திருடன் என்றெல்லாம் தேர்வு கிடையாது. 2024இல் ஆறாம் பதிப்பின் விதிப்புத்தகமும் வந்துவிட்டது, ஆனால் எங்கள் மேசையில் ஓடுவது முந்தைய பதிப்பான 5.2தான், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கேரக்டரின் விவரங்களை எழுதும் ஷீட்டில் 13 ஜோடிக் குணங்கள் இருக்கும். கருணை எதிரே கொடூரம், நேர்மை எதிரே வஞ்சகம், அடக்கம் எதிரே கர்வம், இப்படி. ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 20, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நல்லவன் கெட்டவன் என்று ஒரு லேபிளை எழுதிவிட்டு மறந்துவிடலாம், இங்கே அது நடக்காது. ஒரு குணம் 16ஐத் தொட்டுவிட்டால் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ரோல் போடச் சொல்லலாம். 20 முகப் பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் நைட் அந்தக் குணப்படிதான் நடப்பான்.

எங்கள் ஆட்டத்தில் நடந்ததையே சொல்கிறேன். நண்பனின் நைட்டுக்குப் பழிவாங்கும் குணம் 16, மன்னிப்பு 4. சாக்சன் தலைவன் ஒருவன் வாளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிடுகிறான். உயிரோடு பிடித்துப் போனால் நல்ல மீட்புத்தொகை, புதுக் குதிரையே வாங்கலாம், நண்பனும் அந்தக் கணக்கில்தான் இருந்தான். கேம் மாஸ்டர் ரோல் போடச் சொன்னார், விழுந்தது 11. தலை போச்சு, குதிரையும் போச்சு. 16ஐத் தாண்டி விழுந்திருந்தால் அடுத்து மன்னிப்புக்கு ஒரு ரோல், அதுவும் தோற்றால்தான் முடிவு அவன் கையில். இதோடு விடவில்லை. வருடக் கடைசியில் வரும் குளிர்காலக் கணக்கில் இருக்கிற எண்ணைத் தாண்டி விழுந்தால்தான் குணம் ஏறும்; மறுபடி ரோல் போட்டு 16ஐத் தாண்டியதால் பழி 17 ஆகிவிட்டது! செய்யச் செய்ய அந்தக் குணம் ஊறிப்போகிறது, விதிக்குள்ளேயே அது இருக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆசை காட்டுவதும் உண்டு. ஊக்கம், கொடை, நீதி, கருணை, அடக்கம், வீரம் ஆறும் சேர்ந்து 80 வந்தால் கவசத்துக்குச் சமமாக 3 புள்ளி பாதுகாப்பு கிடைக்கும். கவசத்துக்காகக் கருணை காட்டுகிற நைட்டுகளைப் பார்த்துச் சிரிப்பு வரும், ஆனால் அந்தக் காலத்துக் கதைகளும் ஏறக்குறைய அப்படித்தானே இருக்கின்றன.

குறை என்றால் பேஷன் (passion), அதாவது தீவிர உணர்ச்சிகளுக்கான விதிதான். விசுவாசம், குடும்பப் பாசம், பகை இவற்றுக்கெல்லாம் எண் உண்டு, ரோல் ஜெயித்தால் ஒரு திறமைக்கு +10. வாள் 15 வைத்திருப்பவன் திடீரென்று 25 ஆகிவிடுகிறான், அதற்குமேல் அவன் ரோல் தோற்கவே தோற்காது. கேம் மாஸ்டர் ஒத்துக்கொண்டால்தான் பயன்படுத்த முடியும் என்பது உண்மைதான், இருந்தாலும் ஒவ்வொரு பெரிய சண்டையிலும் யாராவது ஒருவர் அம்மாவை நினைத்துக்கொண்டு பகடையை உருட்டினால் அது பாசமா, இல்லை வெறும் போனஸா? ரோல் தோற்றால் மனம் சோர்ந்துபோகும், மோசமாகத் தோற்றால் சித்தம் கலங்கிக் காட்டுக்கே ஓடிவிடலாம், லான்சலாட் ஓடிய மாதிரி. அந்தப் பயம் மட்டும் போதவில்லை. நாங்கள் ஒரு அமர்வுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டோம், அப்புறம் ஓரளவு சரியாகிவிட்டது.

வாரம் ஒரு முறை கூடி அடிதடி ஆடிவிட்டுக் கலைகிற குழுவாக இருந்தால் வேண்டாம், இந்த எண்களெல்லாம் தொல்லையாகத்தான் தெரியும். நீண்ட தொடராக ஆடுபவர்கள் கிரேட் பென்டிராகன் கேம்பெயின் என்ற தொடர்கதைப் புத்தகத்தையும் சேர்த்து வாங்குங்கள். 485இல் தொடங்கி 566 வரை வருடா வருடம் நகரும், முதல் நைட் கடைசிவரை இருக்கமாட்டான், அவனுக்குப் பிறகு ஆட ஒரு வாரிசு வேண்டும், அதனால் அவனுக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணிவைத்துவிடுங்கள்.