புல்லை வெட்டுவதா, மேய விடுவதா?

2021 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுப்பீரியர், லூயிஸ்வில் ஊர்களிலும் சுற்றுப்புறத்திலும் 1,084 வீடுகள் எரிந்துபோயின. மார்ஷல் தீ என்று பெயர். அதைப் பரப்பியது காடு அல்ல, ஊரை ஒட்டிய காய்ந்த புல்வெளி. அந்த வருஷ வசந்தத்தில் நல்ல மழை, புல் செழித்தது. பிறகு மாதக்கணக்கில் வறட்சி. மலையிலிருந்து இறங்கிய காற்று மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட்டது.

எங்கள் குடியிருப்பு தப்பியது. ஆனால் வேலிக்குப் பின்னால் இருப்பதும் அதே புல்தான். இரண்டு வருஷம் இயந்திரம் வைத்து வெட்டினோம், அடுத்த இரண்டு வருஷம் ஆடு விட்டோம். நான் ஆட்டின் பக்கம்.

திட்டமிட்டு எரிப்பது மூன்றாவது வழி. திறந்த வெளியில் நல்ல முறைதான். சுவரிலிருந்து முப்பது அடியில் தீ வைக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

சமதரையில் இயந்திரத்துக்கு ஈடில்லை, ஒரே நாளில் வேலை முடியும். சரிவிலும் ஓடைக்கரையிலும் ஏறாது. கத்தி கல்லில் பட்டால் பொறி பறக்கும், அதனால் வெயில் கடுமையான நாட்களில் ஓட்டவே கூடாது. இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். வெட்டிய புல் அங்கேயே கிடப்பதுதான் என் மனதை மாற்றியது. படுத்துக் கிடக்கும் புல்லில் சுவாலை உயராது, உண்மை. ஆனால் எரிய வேண்டியது அத்தனையும் தரையிலேயே இருக்கிறது. வாரி அள்ளத் தனிக் கூலி. எங்கள் வரவுசெலவில் அதற்கு இடமே இல்லை. இரண்டாம் வருஷம் புதுப்புல்லை விலக்கிப் பார்த்தேன். அடியில் பழைய சருகு மெத்தை மாதிரி கிடந்தது.

ஆடு மேய்ந்தால் அந்தப் புல் வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையாக வருகிறது. வாருகிற வேலையே இல்லை. எங்கள் சிவகங்கைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காகக் கிடை போடுவார்கள். இங்கே பட்டிக்குப் பதில் மின்வேலி வலை, கயோட்டி என்னும் ஓநாய் போன்ற விலங்குகளை விரட்டக் காவல் நாய்.

எந்த ஆடு என்பது முக்கியம். முதல் வருஷம் வெள்ளாடு மட்டும் வந்தது. தழையையும் முள்ளையும் தேடித் தின்றது, புல்லில் நுனியைத்தான் கடித்தது. அடுத்த வருஷம் செம்மறியைக் கலந்தோம். அது தரையோடு ஒட்டக் கடித்துவிடும். இங்கே பரவிக்கிடக்கும் சீட்கிராஸ் என்னும் களைப்புல்லை ஏப்ரல், மே மாதங்களில் பச்சையாக இருக்கும்போதே மேய விட வேண்டும். ஜூனில் காய்ந்துவிட்டால் அதன் கதிர் ஆட்டின் வாயில் குத்தும். இலையுதிர் காலத்தில் இன்னொரு முறை விடுகிறோம், தீ வந்தது டிசம்பரில் அல்லவா! புல் நாலு விரல் உயரம் நிற்கும்போதே வலையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறோம். மண் வெறுமையானால் களைதான் முந்தி முளைக்கும்.

செலவு இயந்திரத்தைவிடக் கூடுதல். வாரும் கூலியையும் சேர்த்தால் ஏறக்குறைய சமமாகிறது. இது எங்கள் சிறிய நிலத்தின் கணக்கு, அதுவும் இரண்டே வருஷ அனுபவம். நூறு ஏக்கருக்கு இதே கணக்கு வரும் என்று சொல்ல மாட்டேன்.

அன்று அடித்த காற்றில் தீக்கங்குகள் மேய்ந்த நிலத்தைத் தாண்டிப் பறக்கும், அதை ஆடு தடுக்காது. மார்ஷல் தீயில் மரவேலிகள் வழியாகவும் நெருப்பு வீட்டுக்கு வீடு போனது. அதனால் சுவரை ஒட்டிய ஐந்தடிக்கு மரவேலியைப் பிடுங்கிவிட்டு இரும்பு வேலி போட்டு, கீழே சரளை பரப்பினேன். மேற்குப் பக்கம் மட்டும் பாக்கி. ஏப்ரலில் ஆடு வருவதற்குள் அதையும் முடித்துவிட வேண்டும்.