ஜூஸ் டயட் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சாப்பாட்டுக்குப் பதில் ஜூஸ் மட்டுமே குடித்து எடை குறைக்கும் பேக்கேஜ் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே பாணியில் விற்பவர்கள் ஏராளம், ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

காலையிலிருந்து இரவு வரை அவர்கள் அனுப்பும் பாட்டில்கள்தான் உணவு. கொழுப்பு கரையும், உடம்பின் நச்சு வெளியேறும், எடை குறையாவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்று விளம்பரம். கடைசி நாள் காலை வெறும் வயிற்றில் எடை பார்த்து, மெஷினைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நன்றாகவே குறைந்திருந்தது, அனுப்பினேன். உடனே ஒரு படிவம் வந்தது, "முடிவு திருப்தி" என்று டிக் செய்யச் சொல்லி. அப்புறம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினேன். எடையும் பழைய இடத்துக்கே திரும்பியது. பணத்தைக் கேட்டால், "மேடம், நீங்கள் அனுப்பிய படமே எங்களிடம் இருக்கிறதே" என்கிறார்கள்.

ஏமாற்றே அந்த எடை பார்க்கும் நாளில்தான் இருக்கிறது. நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. பெரியவர்களுக்கு அது சுமார் 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். உணவு சட்டென்று குறைந்தால் உடம்பு இந்தக் கையிருப்பில்தான் முதலில் கை வைக்கும், தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். குடலிலும் ஒன்றும் இருக்காது, உப்பும் குறைந்திருக்கும். எல்லாம் சேர்ந்து மெஷினில் பெரிய எண்ணாகத் தெரியும். உண்மையான கொழுப்புக் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தேவையைவிடத் தினமும் 1,000 கலோரி குறைவாக உட்கொண்டாலும் நாளொன்றுக்குக் கரைவது 130 கிராம் அளவுதான். சில நாளில் அதற்கு மேல் காட்டுவதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர், ஓரிரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். அது திரும்பி வருவதற்குள் நம் கையெழுத்தை வாங்கிவிடுகிறார்கள்.

இடையில் 'ஆலோசகர்' ஒருவர் சாட்டில் பேசுவார். தலை வலிக்கிறது என்றேன், நச்சு வெளியேறுகிறது என்றார். தலை சுற்றுகிறது என்றதற்கும் அதே பதில். எந்த நச்சு என்று கேட்டதற்கு மட்டும் பதிலே வரவில்லை. காபியைத் திடீரென நிறுத்தினாலே பலருக்குத் தலை வலிக்கும், பட்டினி வேறு. கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவற்றுக்கு பாட்டில் தேவையில்லை.

"சர்க்கரை சேர்க்கவில்லை" என்று லேபிளில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி ஆரஞ்சு ஜூஸில் இயல்பாகவே சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட பரிந்துரையில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையில்தான் சேர்கிறது. முழுப் பழத்தில் இருப்பது சேராது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது அவர்கள் கணக்கு. நார்ச்சத்து முக்கால்வாசியும் சக்கையோடு போய்விடுவதால் ஜூஸ் வயிற்றில் நிற்பதும் இல்லை. 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சாற்றை முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்து முடிக்க முடிந்தது, வயிறு நிறைந்த உணர்வும் அதில்தான் குறைவு. புரதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு தினம் 48 கிராமாவது தேவை, காய்கனிச் சாற்றில் அதில் சிறு பங்குதான் வரும். இப்படியே நீட்டித்தால் தசையும் சேர்ந்து கரையும்.

ஜூஸே கெடுதல் என்று சொல்லவில்லை. காய் என்றாலே முகம் சுளிப்பவருக்கு, சாப்பாட்டோடு ஒரு சின்ன டம்ளர் கேரட், கீரைச் சாறு நல்லதுதான். வைட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் கிடைக்கும். பீட்ரூட் சாறு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. அதை சாப்பாட்டின் இடத்தில் வைத்து விற்பதில்தான் கோளாறு.

எனக்கு இன்னும் கோபம் தீராத விஷயம் ஒன்று. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவே இல்லை. அண்ணியும் என்னோடு சேர இருந்தார். அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர். நல்லவேளை, முதலில் டாக்டரிடம் கேட்டார். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், திடீரென அளவைக் கூட்டக் கூடாது என்றார் டாக்டர். கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகைப் பழம்) சாறு சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, பீட்ரூட் சாற்றை நிறையக் குடித்தால் அவற்றில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் சேர்ந்து பாதிப்பு முற்றலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பேக்கேஜ் முடிந்து ஒரு மாதம் கழித்து எடை பார்த்துப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா? ஒரு நாள் பாட்டில்களில் மொத்தம் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை? படம் கேட்டால் அனுப்புங்கள், ஆனால் "திருப்தி" படிவத்தை மட்டும் அந்த ஒரு மாதம் முடியும்வரை தொடாதீர்கள். என் புகாருக்கு இதுவரை பதில் இல்லை. அடுத்த சுற்றுக்குத் தள்ளுபடி என்ற மெசேஜ் மட்டும் தவறாமல் வருகிறது.