மவுத்கார்டு, மெத்தை ஹெல்மெட், விசில்: சென்னையில் ஃபூட்டி ஆட எதற்குக் காசு போடலாம்?

ஃபூட்டி என்கிற ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலுக்கென்று சென்னையில் தனிக் கடை தேடி அலைய வேண்டாம். பெரியமேட்டில், நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய ஸ்போர்ட்ஸ் கடைகளில் பாக்ஸிங்குக்கும் ஹாக்கிக்கும் வரும் மவுத்கார்டே இதற்கும் போதும். விசிலும் அங்கேயே வாங்கிவிடலாம். ரக்பிக்காரர்கள் போடும் மெத்தை ஹெல்மெட்டை மட்டும் பெரும்பாலும் ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மவுத்கார்டு கட்டாயம், ஹெல்மெட் அவரவர் இஷ்டம், மூன்றில் அதிகம் காப்பாற்றுவது விசில்.

மவுத்கார்டில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மேல்வரிசைப் பல்லுக்கு மட்டும், இன்னொன்று மேலும் கீழும் சேர்த்துக் கவ்வுவது. இரண்டாவது வேண்டவே வேண்டாம். அதைப் போட்டால் வாயை இறுக்கி மூடியே ஓட வேண்டும், மூச்சு முட்டும், கத்தவும் முடியாது. இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது, இடி எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். பந்தை எடுக்கக் குனிந்தவருக்குப் பின்னால் ஆள் வருவதைக் கூட ஆடுபவரின் குரல்தான் சொல்ல வேண்டும்.

கொதிநீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் ரகம் சில நூறு ரூபாயில் முடியும். சரியாகப் பொருத்தினால் நன்றாகவே உழைக்கும், ஆனால் பலர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். பால் காய்ச்சும் அகலப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து அரை நிமிடம் ஆற விடுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும்போதே போட்டால் ஓரச் சுவர் மடிந்து உள்ளே விழுந்துவிடும். அட்டையில் போட்டிருக்கும் விநாடிக் கணக்குதான் உங்களுக்குக் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், யூடியூபில் ஒருவர் சொன்ன நேரம் உங்கள் கையில் இருக்கும் சரக்குக்குப் பொருந்தாது. கரண்டியால் எடுத்து, உதடு சுடாமல் இருக்கப் பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உடனே வாயில் வையுங்கள். நடு வெட்டு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் நேராக இருக்க வேண்டும். கட்டைவிரல்களால் கடைவாய் வரை மேலே அழுத்தி, மெதுவாகக் கடித்து, உள்ளே இருக்கும் காற்றையும் தண்ணீரையும் உறிஞ்சி எடுங்கள். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டி அழுத்தட்டும், விரல் வெளியிலிருந்து உதட்டை அழுத்தட்டும். அரை நிமிடம் போதும். பிறகு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள்.

மெதுவாகக் கடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேகமாகக் கடித்தால் கடைவாய்ப் பகுதி காகிதம் மாதிரி மெலிந்துவிடும், அடி விழும்போது தாங்க வேண்டிய இடமே அதுதான். பொருத்திய பிறகு வாயைத் திறந்து பாருங்கள். பல்லைக் கடிக்காமலே மேலே ஒட்டி நிற்க வேண்டும். பிறகு ‘சென்னை சென்ட்ரல்’ என்று உரக்கச் சொல்லுங்கள். எதிரே இருப்பவருக்குப் புரியவில்லை என்றால் பின்பகுதி நீளம். கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம், ஆனால் கடைவாய்ப் பல்லை மூடாத அளவுக்குக் குறைத்துவிடக் கூடாது. பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள் இந்தச் சாதா ரகத்தை வாயில் வைத்து அழுத்தவே கூடாது, இளகிய பிளாஸ்டிக் கம்பிக் கொக்கிகளில் பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கும், தொடர்ந்து மேட்ச் ஆடுபவர்களுக்கும் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவதுதான் நல்லது. விலை பல மடங்கு, பொருத்தமும் அப்படியே. பால்பல் விழுந்து முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குச் சீசனுக்குச் சீசன் மாற்ற வேண்டியிருக்கும், அவர்களுக்கு விலை குறைந்ததே போதும்.

சென்னை வெயிலில் இன்னொரு தொல்லை. மே மாதத்தில் காரின் டாஷ்போர்டிலோ பைக் பெட்டியிலோ வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வளைந்திருக்கும். வெந்நீரில் கழுவினாலும் அதே கதைதான். காற்றோட்டம் உள்ள டப்பாவில் வையுங்கள், பாலிதீன் கவர் வேண்டாம், நாறிவிடும்.

ஹெல்மெட் விஷயத்துக்கு வருவோம். மெத்தை ஹெல்மெட் தோல் கிழியாமல் காக்கும், காது மடலைக் காக்கும், தையல் போட்ட நெற்றியை மறுபடி பிளக்காமல் காக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி வாங்கினால் காசு வீண். பானைக்கு வெளியே துணி சுற்றினால் உள்ளே இருக்கும் தயிர் குலுங்காமல் இருந்துவிடுமா? மண்டைக்குள் மூளை திருகுவதையும் மோதுவதையும் அந்த மெல்லிய ஃபோம் நிறுத்தாது. ஆஸ்திரேலியாவின் தொழில்முறை லீக்கான ஏஎஃப்எல்லில் மெல்போர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா வழக்கமாக ஹெல்மெட் போட்டு ஆடியவர். 2023 செப்டம்பர் பைனல்ஸில், அவர் உதைத்த பந்தைத் தடுக்கத் தாவிய காலிங்வுட்டின் பிரேடன் மேனார்டின் தோள் அவர் தலையில் இடித்தது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. 2024 பிப்ரவரியில் டாக்டர்கள் சொல்லி ஆட்டத்தையே விட்டார். மேனார்டை லீக்கின் விசாரணைக் குழுவான டிரிப்யூனல் விடுவித்துவிட்டது. அதன் பிறகுதான் தாவித் தடுப்பவருக்கும் எதிராளியின் தலைக்குப் பொறுப்பு உண்டு என்று விதி இறுகியது. அடுத்த ஆளின் தலையைக் காக்கப் போவது ஃபோம் அல்ல, அந்த விதி.

வேறு குறையும் உண்டு. வியர்வையில் ஹெல்மெட் வழுக்கிப் புருவத்துக்கு இறங்கினால் ஓரப் பார்வை போய்விடும், பக்கத்திலிருந்து வரும் பம்ப், அதாவது தோள் இடி, கண்ணில் படாது. வாங்கியே தீர வேண்டும் என்றால் தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் இறுக்கம், பின்பக்கம் நாடா, உச்சியில் காற்றுத் துளை, இந்த மூன்றையும் பாருங்கள். ஏப்ரல், மே பகல் ஆட்டத்துக்கு வேண்டாம்.

விசிலில் உள்ளே உருளை இல்லாத ரகமே வாங்குங்கள். உருளை விசிலில் எச்சிலும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், மழையில் ஊதினால் காற்றுதான் வரும். ஃபூட்டி மைதானம் 135 முதல் 185 மீட்டர் நீளம். நடுவில் நின்று ஊதினால் கோல் கம்பம் வரை கேட்க வேண்டும். ஏஎஃப்எல்லில் 2023 முதல் 4 கள அம்பயர்கள். இங்கே ஒருவர்தான் என்றால் சத்தம் இன்னும் முக்கியம்.

எப்போது ஊதுவது? டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது, தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும், மீறினால் ஃப்ரீ கிக். முதுகில் தள்ளினாலும் அதுவே. தரையில் சறுக்கி வந்து எதிராளியின் முழங்காலுக்குக் கீழே இடிப்பதும் குற்றம். இது 2013-இல் வந்தது, முந்தைய ஆண்டு சிட்னியின் கேரி ரோகனுக்குக் கால் முறிந்த பின்னணியில். இவை கண்ணுக்குத் தெரிகிற தப்புகள். தவறவிடுவது ஆபத்தான டேக்கிளைத்தான். டிரிப்யூனல் பார்ப்பது இதை: பிடித்த பிறகு இரண்டாவதாக ஒரு வேலை நடந்ததா, ஆளைத் தூக்கினாரா, பிடிபட்டவர் கை இரண்டும் கட்டுண்டு தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாமல் இருந்தாரா, பிடித்தவர் அவரைச் சுழற்றியோ அழுத்தியோ தரையில் மோதினாரா.

கை கட்டுண்டதும் ஊதிவிட்டால் காயம் குறையும். பிடிபட்டவர் பந்தைத் தள்ளிவிட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் பிடித்தவர் ஆளைக் கீழே சாய்க்கிறார். பிடிபட்டும் பந்தை விடாதவருக்கு எதிரான ஃப்ரீ கிக், அதாவது ‘ஹோல்டிங் த பால்’, சட்டென்று கிடைக்கும் என்று தெரிந்தால் சாய்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஏஎஃப்எல்லும் 2024 சீசன் நடுவில் பந்தை விடக் கொடுக்கும் அவகாசத்தைச் சுருக்கியது.

சென்னையில் சாய்ப்பது இன்னும் மோசம். நாம் ஆடுவது கிரிக்கெட் கிரவுண்டில். பல கிரவுண்டுகளில் நடுவில் மேட் விரிக்கும் சிமெண்ட் பிட்ச் இருக்கும், ஃபூட்டியில் பந்து அதிகம் புரளும் இடமும் அதே நடுப்பகுதி. பிட்சைச் சுற்றி கோன் வைத்து, பந்து அதற்குள் போனால் உடனே நிறுத்தி வெளியே பால்-அப் போடுங்கள், அதாவது அம்பயர் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கட்டும். விதிப் புத்தகத்தில் இது இல்லை, இருக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை.

பம்ப் தனி விவகாரம். தோளோடு தோள் மோதலாம், பந்து 5 மீட்டருக்குள் இருந்தால். தலையில் பட்டால் மோதத் தீர்மானித்தவரே பொறுப்பு. 2021 முதல் சுற்றில் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டு இடித்தபோது தலையும் தலையும் முட்டியது, ஜேக் கெல்லி விழுந்தார், டேஞ்சர்ஃபீல்டுக்கு 3 மேட்ச் தடை. ஏஎஃப்எல் மேட்சில் சிவப்பு அட்டை கிடையாது, புகார் எழுதி அடுத்த வாரம் தண்டிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆடும் கூட்டத்துக்கு அடுத்த வார டிரிப்யூனல் எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவின் உள்ளூர் லீக்குகள் மாதிரி வெளியே அனுப்பும் அதிகாரத்தை அம்பயருக்கு ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

தலையில் அடிபட்டுத் தடுமாறினால் அன்றைக்கு மறுபடி களமில்லை. தொழில்முறை ஏஎஃப்எல்லில் குறைந்தது 12 நாள், உள்ளூர் ஆட்டத்தில் 2024 முதல் குறைந்தது 21 நாள். ‘தம்பி நல்லாத்தான் இருக்கான்’ என்று கேப்டன் சொல்வதெல்லாம் கணக்கில் வராது. பல் பெயர்ந்து விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, ஒரு ஆவின் பாக்கெட்டை உடைத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள்.

வாங்கும்போது ஒன்று. கொதிநீரில் போட்ட மவுத்கார்டை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார். பெரியவர் அளவா, சிறுவர் அளவா என்பதையும், பொருத்தும் குறிப்பு அட்டையில் இருக்கிறதா என்பதையும் கடையில் நின்றே பாருங்கள். அட்டை இல்லாமல் தொட்டியில் குவித்து வைத்திருக்கும் சரக்கு வேண்டாம், எத்தனை விநாடி என்று யாருக்கும் தெரியாது.