11 நிமிடங்களுக்காக ஒரு படம்: 1978இன் 'கேம் ஆஃப் டெத்'

1973 ஜூலை 20 அன்று புரூஸ் லீ தமது 32ஆம் வயதில் ஹாங்காங்கில் காலமானபோது, அவரே எழுதி இயக்கி நடித்துவந்த 'கேம் ஆஃப் டெத்' பாதியில் நின்றிருந்தது. 'என்டர் தி டிராகன்' வாய்ப்பு வந்ததால் அதை அவர் தற்காலிகமாக ஒதுக்கி வைத்திருந்தார். அந்தப் படச்சுருள்களைக் கையில் வைத்திருந்த கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம், இயக்குநர் ராபர்ட் குளோஸைக் கொண்டு முற்றிலும் வேறொரு கதையை எடுத்து, அதன் முடிவில் புரூஸ் லீயின் சண்டைகளைப் பொருத்தி 1978இல் வெளியிட்ட படத்தைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

பில்லி லோ என்ற நடிகரை ஒரு குற்றக் கும்பல் மிரட்டுகிறது. படப்பிடிப்புத் தளத்தில் முகத்தில் சுடப்படும் அவர், தாம் இறந்துவிட்டதாக உலகை நம்பவைத்துப் பழிவாங்குகிறார். முகம் மாறியதாகச் சொல்லிவிட்டால் யாரை வேண்டுமானாலும் நடிக்க வைக்கலாம் என்ற கணக்கிலேயே இந்தக் கதை புனையப்பட்டிருக்கிறது. கொரியரான கிம் டே-ஜுங் பெரிய கறுப்புக் கண்ணாடியும் ஒட்டுத்தாடியுமாக, பெரும்பாலும் இருட்டில் நிற்கிறார். அந்தரத்தில் சுழலும் காட்சிகளுக்கு யுவென் பியாவ் டூப் போட்டிருக்கிறார். ஒப்பனை அறைக் காட்சியில் முகம் பார்க்கும் கண்ணாடியின் மீது புரூஸ் லீயின் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்: கழுத்துக்குக் கீழே உடல் அசைகிறது, முகம் அசையவே இல்லை. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பில்லி லோவின் இறுதிச் சடங்கு என்று சொல்லி, புரூஸ் லீயின் உண்மையான இறுதிச் சடங்கையும் சவப்பெட்டிக்குள் கிடக்கும் அவரது முகத்தையும் காட்டியிருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் இறந்த பிறகு ஹாங்காங்கிலும் தைவானிலும் சிறு முதலீட்டுத் தயாரிப்பாளர்கள் இதே பிழைப்பில் இறங்கியிருந்தனர். தைவானின் ஹோ சுங்-தாவ் 'புரூஸ் லி' என்றும், பர்மாவில் பிறந்த வோங் கின்-லுங் 'புரூஸ் லே' என்றும், கொரியாவின் மூன் கியுங்-சியோக் 'டிராகன் லீ' என்றும் சுவரொட்டிகளில் ஏறினார்கள். 1977இல் வந்த 'தி டிராகன் லிவ்ஸ் அகெய்ன்' படத்தில் புரூஸ் லீ பாதாள உலகுக்குப் போய், அங்கே டிராகுலாவையும் கார்ட்டூன் நாயகன் பாப்பாயையும் சந்திக்கிறார்! ஆயினும் அந்த மலிவுப் படங்களில் அடிவாங்கி விழுபவரும் எழுந்து உதைப்பவரும் திரையில் முகம் காட்டும் அதே மனிதர்தான். சொந்தப் பெயரை இழந்து உழைத்த அவர்களைப் போலிகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமல்ல. ஹோ சுங்-தாவ் 1976இல் நடித்த 'புரூஸ் லீ: தி மேன், தி மித்' என்ற வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் அவரது உழைப்பை நன்றாகவே காணலாம். அசல் காட்சிகளையே கையில் வைத்திருந்த பெரிய நிறுவனமோ அவர்களைவிடத் தாழ்ந்துபோனது.

கடைசியில் வரும் அந்த 11 நிமிடங்கள், அதற்கு முன்னால் உள்ள அனைத்தையும் சிறியதாக்கிவிடுகின்றன. மஞ்சள் உடையில் வரும் புரூஸ் லீ, இரட்டைக் கழிகளோடு நிற்கும் டான் இனோசாண்டோவை வளையும் மெல்லிய மூங்கில் குச்சியொன்றால் சீண்டி, பிறகு நுஞ்சாக்குவுக்கு (சங்கிலியால் இணைத்த இரு குறுங்கழிகள்) நுஞ்சாக்கு என்று மோதுகிறார். அடுத்து கொரியத் தற்காப்புக் கலையான ஹாப்கிடோவின் வல்லுநர் ஜி ஹான்-ஜே; அதன் பின் 7 அடிக்கு மேல் உயரமுள்ள கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார். கரீமின் ஒரே உதையில் அந்த மஞ்சள் உடையின் மார்பில் பாதத்தின் தடம் முழுதாகப் பதிந்துவிடுகிறது. நீண்ட கால்கள் எட்டும் தூரத்திலிருந்து எப்படி உள்ளே நுழைவது என்று புரூஸ் லீ யோசிப்பதை அவருடைய கண்களிலேயே பார்க்க முடிகிறது; எந்த டூப்பாலும் ஈடுசெய்ய முடியாதது இதுதான்.

முழுப் படத்தையும் பொறுமையாகப் பார்க்கச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன். ஜான் லிட்டில் 2000இல் உருவாக்கிய 'புரூஸ் லீ: எ வாரியர்ஸ் ஜர்னி' ஆவணப்படத்தில் இந்தச் சண்டைகள், புரூஸ் லீயுடன் வந்து 1978இல் வெட்டி நீக்கப்பட்ட இரண்டு துணைவர்களோடு, அரை மணி நேரத்துக்கும் மேலாக, புரூஸ் லீ விட்டுச்சென்ற குறிப்புகளின் வரிசைப்படி தொகுக்கப்பட்டுள்ளன. வட்டு வாங்குபவர்கள் அந்த ஆவணப்படமும் சேர்ந்துள்ள பதிப்பைத் தேடி வாங்கி, அதை முதலில் பார்ப்பது நல்லது.