ஏ கம்பியோடு 14 மாதம்: என் டெனர் கிட்டார் அனுபவம்

ரிப்பேருக்குப் போயிருந்த டெனர் கிட்டார் போன வாரம் திரும்பி வந்தது. அன்றைக்கே எங்கள் பேண்டில் கீபோர்டு வாசிக்கும் தம்பி பிடித்துக்கொண்டான்: "அண்ணா, நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். வாங்கலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க." ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

டெனர் கிட்டார் என்றால் நாலு கம்பி, 23 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), அடியிலிருந்து மேலாக சி-ஜி-டி-ஏ சுருதி. 1920களில் டெனர் பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட கம்பி வாத்தியம்) வாசித்தவர்கள் விரல் பழக்கத்தை மாற்றாமலே கிட்டாருக்குத் தாவ வசதி செய்து கொடுத்த வாத்தியம் என்பது இதன் கதை. எனக்குப் பாஞ்சோ தெரியாது. நான் வாங்கிய காரணம் வேறு. பேண்டில் ஏற்கெனவே ஒரு ஆறு கம்பி கிட்டார் இருக்கிறது. இரண்டாவது கிட்டாராக நான் எதை வாசித்தாலும் அதன் மேலேயே போய் விழுந்தது. ரிகர்சலைப் பதிவு செய்து கேட்டால், எது அவர், எது நான் என்று எனக்கே தெரியாது.

மூன்றை வாசித்துப் பார்த்தேன். முதலாவது அக்கூஸ்டிக். உட்கார்ந்து வாசித்தால் அவ்வளவு இனிமை. மேடை மானிட்டர் (வாசிப்பவர்களை நோக்கி வைத்த ஸ்பீக்கர்) பக்கத்தில் நின்றதும் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது நல்ல எலெக்ட்ரிக். விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பி மாட்டினேன். மூன்றாவதுதான் இது. கனம் இல்லை, நெக் கைக்கு அடங்குகிறது, ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஓரங்கள் உள்ளங்கையைக் கீறவில்லை. ஆம்பில் போட்டு இருபது நிமிடம் வாசித்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றைத் தவிர. அதற்கு வருகிறேன்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் கோபம் வந்துவிடும்.

ஆறு கம்பி கிட்டாரில் சாதாரண சி கார்டைப் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்தால் கீழேயிருந்து சி-ஈ-ஜி-சி-ஈ என்று சுரங்கள் தோளோடு தோள் இடித்து நிற்கும். டெனரில் டி கம்பியில் 2ஆவது ஃப்ரெட், ஏ கம்பியில் 3ஆவது, மற்ற இரண்டும் திறந்தபடி. கிடைப்பது சி-ஜி-ஈ-சி. நாலே சுரம்தான், ஆனால் இரண்டு ஸ்தாயி அகலத்துக்கு விரிந்து நிற்கிறது. அடிக்கம்பியே 131 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆறு கம்பி கிட்டாரின் அடி ஈ 82. 131க்குக் கீழே நான் போகவே முடியாது என்பதால் அந்த இடம் முழுக்க பேஸுக்கு. முதல் ரிகர்சல் முடிந்ததும் பேஸ் வாசிப்பவர், "இன்னிக்குத்தான் நான் வாசிக்கிறது எனக்கே கேக்குது" என்றார். ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடலை மிதித்தாலும் கார்டு கூழாவதில்லை, சுரங்கள் அவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே இருப்பது நம் ச-ப இடைவெளி. சி கம்பியைத் திறந்து ச என்று வைத்துக்கொண்டால், 2, 4, 5 ஆகிய ஃப்ரெட்டுகளில் சங்கராபரணத்தின் ரி-க-ம. அடுத்த கம்பியில் அதே விரல்கள், அதே ஃப்ரெட்டுகள், ப-த-நி-ச. பூர்வாங்கம் ஒரு கம்பி, உத்தராங்கம் ஒரு கம்பி! ஆறு கம்பியில் எத்தனையோ வருடம் சுர வரிசை வரைபடங்களை மனப்பாடம் செய்தவன் நான். இது கண்ணில் பட்ட இரவு தூங்கவே இல்லை. பாடகர் "அரைக் கட்டை ஏத்துங்க" என்றால் இப்போது எனக்குப் பயமில்லை. அச்சு அப்படியே இருக்கிறது, கைதான் நகர்கிறது.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். கம்பி நாலு, ஆனால் உள்ளே வைத்திருப்பது ஆறு கம்பிக்கான பிக்கப். டி கம்பி இரண்டு போல் பீஸ்களுக்கு (பிக்கப்பின் காந்த முனைகள்) நடுவே போகிறது, அதனால் மற்றவற்றைவிட ஒரு சுற்று மெதுவாகக் கேட்கும். பிக்கப்பை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி வைத்ததில் பாதி சரியானது. கொடுத்த விலைக்கு இதை மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது ஏ கம்பி.

14 மாதத்தில் ஒன்பது ஏ கம்பிகள் அறுந்திருக்கின்றன. மற்ற மூன்று கம்பிகளிலும் சேர்த்து ஒன்றுகூட இல்லை. அறுவதும் வீட்டில் இல்லை, ரிகர்சலில் இல்லை. மேடையில்தான், அதுவும் மூன்றாவது நாலாவது பாட்டில். ஆறு கம்பிக்காரருக்கு ஒன்று போனால் சமாளித்துவிடுவார். எனக்கு ஒன்று போனால் கால்வாசி வாத்தியம் போச்சு. அதுவும் மேல் சுரம் முழுக்க அந்தக் கம்பியில்தான்.

கம்பி மெல்லிசு என்று முதலில் நினைத்தேன். 9 கேஜை (கேஜ் என்பது தடிமன் எண்) விட்டு 10 போட்டேன், 11 போட்டேன். அதே கதை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, தடிமனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கம்பி தடித்தால் அதே சுருதிக்கு அதே விகிதத்தில் இன்னும் இறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தம் மாறாது. அதைத் தீர்மானிப்பது நீளமும் சுருதியும்தான். சாதாரண கிட்டாரில் 25.5 அங்குலக் கம்பியை 330 ஹெர்ட்ஸுக்கு இழுக்கிறோம். இங்கே 23 அங்குலத்தை 440க்கு. அழுத்தம் கிட்டத்தட்ட 45 சதவீதம் அதிகம். எஃகுக் கம்பி அதைத் தாங்கும், ஆனால் தாங்குவதற்கு மேல் அதனிடம் பெரிதாக மிச்சம் இல்லை. வழியில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் போதும், முடிந்தது.

அந்தப் பிசிறு இருந்தது. ரிப்பேர்காரர் பஞ்சை எடுத்து பிரிட்ஜ் சாடிலின் (அடி முனையில் கம்பி உட்காரும் துண்டு) மேல் மெதுவாக இழுத்தார். மூன்று சாடில்களில் வழுக்கிக்கொண்டு போனது. நாலாவதில் ஒரு இழை மாட்டித் தொங்கியது. "இதுதான் சார் உங்க ஆளு" என்றார். நுண்ணிய உப்புத்தாளை மடித்து நாலைந்து இழு, நட் (நெக்கின் மேல் முனையில் கம்பியைத் தாங்கும் கட்டை) பள்ளத்தில் கொஞ்சம் பென்சில் கரி. கால் மணி நேர வேலை. 14 மாதம் நான் கம்பி தயாரிப்பவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாங்கும்போது நான் பார்க்காமல் விட்ட ஒன்று இதுதான்.

சரி, தீர்ந்ததா? நேற்று நாலாவது பாட்டில் அறுந்தது. ஒன்பதாவது அதுதான். இந்த முறை சாடிலில் இல்லை, மேலே ட்யூனிங் முளையில். கிட்டாரைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் சவுண்ட் செக்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முளைத் துளையில் கம்பியை முறுக்கென்று மடித்து, ஒன்றரைச் சுற்றோடு விட்டவன் நான்தான். அந்த மடிப்பில்தான் அறுந்திருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், ஆறு கம்பியில் இந்த அவசரத்தை நூறு தடவை பண்ணியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

கம்பி வாங்குவதும் ஒரு பாடு. "டெனர் செட் குடுங்க" என்று கேட்டு, உறையைப் பார்க்காமல் வாங்கி வந்து பிரித்தால் நைலான். டெனர் யுகுலேலே (நாலு கம்பிக் குட்டி வாத்தியம்) கம்பி! இப்போது செட் கேட்பதே இல்லை. சாதாரண கிட்டாருக்கான ஒற்றைக் கம்பிகளையே எண் சொல்லி வாங்குகிறேன்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. மொத்தத்தையும் ஒரு முழுச் சுரம் இறக்கிக்கொண்டு இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகள் எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் அதே சி-ஜி-டி-ஏ கிடைக்கும், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். செய்து பார்த்தேன். ஃப்ரெட் புள்ளிகள் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பித்தன. ஐந்தாம் புள்ளி இப்போது மூன்றாவது. இருட்டு மேடையில் ஒரு பாட்டு முழுவதையும் தப்பான இடத்தில் தொடங்கிய பிறகு விட்டுவிட்டேன். ஆறு கம்பி கிட்டாரின் மேல் நாலு கம்பிகள் மாதிரியே டி-ஜி-பி-ஈ என்று வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அப்படி வைப்பதானால் இதை எதற்கு வாங்க வேண்டும்? ச-ப போய்விட்டால் என்னைப் பொறுத்தவரை அது இரண்டு கம்பி தொலைந்த கிட்டார்.

ஆகவே தம்பிக்குச் சொன்னேன்: வாங்காதே. மீறி வாங்குவதானால் கையில் கொஞ்சம் பஞ்சோடு போ, எல்லா சாடிலிலும் இழுத்துப் பார், ஏ கம்பியை 440 வரை ஏற்றி ஒரு மணி நேரம் அடித்து வாசி, அவர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப உங்களோடதை எனக்கே குடுத்துடுங்களேன், அண்ணா. ரிப்பேர் ஆனதுதானே?"

ஏ கம்பி ஒரு டஜன் சொல்லி வைத்திருக்கிறேன், அது தீரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.