கால் துடிப்புக்கு “நரம்பு மெசின்” எண்டு போய் 62,500 ரூபா போயிட்டு. தயவுசெய்து வாசிங்க

நேத்துப் பின்னேரம் அந்த மெசின்காரங்க என்ட நம்பரை புளொக் பண்ணிட்டாங்க. அந்தக் கோவம் இன்னும் அடங்கல்ல. 62,500 ரூபா. வேளாமை வெட்டி, கடனெல்லாம் குடுத்து மிஞ்சின காசு அது. கால் துடிக்குதெண்டா என்னென்ன பாக்கவேணும் எண்டும் கீழ விபரமா எழுதுறன்.

அம்மாவுக்கு 61 வயசு. சீனி வருத்தத்துக்கு 12 வருசமா மெற்போமின் குடிக்கிறா. பிரஷருக்கு மூத்திரம் போற குளிசையும் இருக்கு. நாலு மாசமா இடக்கால் கெண்டைச்சதை தன்பாட்டுல துடிக்குது. படுத்திருக்கக்குள்ள பாத்தா தோலுக்குக் கீழ புழு நெளியிற மாதிரி இருக்கும். பாதம் ரெண்டும் விறைப்பு, செருப்புக் கழண்டு போனாலும் தெரியாது. பொம்புளைக்கு இடப்பக்கம் துடிச்சா நல்லதுதானே எண்டு பக்கத்து வீட்டு மாமி சொல்ல, அம்மா கிளினிக்கில அதைப்பத்தி வாயே திறக்கல்ல.

பேஸ்புக்கில ஒரு விளம்பரம் கண்டன். நரம்பு முழுக்க ஒரு நிமிசத்துல ஸ்கேன் பண்ணுற இடமாம். மண்டூர்ப் பாதையில, அதான் வாவியைக் கடக்கிற மிதவையில, ஏறி குருமண்வெளிக்கு வந்து, பஸ் எடுத்துப் போனம். வாடகை வீடொண்டு, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர். அம்மாட கையில ஒரு இரும்புக் குழாயைப் பிடிக்கக் குடுத்தார். லப்டொப்பில இருந்து முப்பது பக்கத்துக்கு மேல அடிச்சு வந்திச்சு. ஈரல், கிட்னி, நரம்பு எல்லாம் சிவப்புக் கோடு.

நான் விழுந்தது அந்தக் கடதாசியில இல்ல. அந்தாள் நிலத்துல குந்தி இருந்து, அம்மாட சேறு படிஞ்ச காலைத் தூக்கித் தன்ட மடியில வச்சார். “எங்கட அம்மாவுக்கும் இப்பிடித்தானம்மா துடிச்சது, கவனிக்காம விட்டுட்டம், பாரிசவாதம் வந்து படுத்திட்டா” எண்டார். அம்மாட கண் கலங்கிட்டு. கிளினிக்கில ஆரும் அவட காலைத் தொட்டுப் பாத்ததில்ல. நான் அந்த இடத்துலயே காசை எண்ணி வச்சன். பத்துத் தரம் சூட்டு மெசினில கால் வைக்க, மூண்டு போத்தல் நரம்பு டொனிக், எல்லாம் சேத்து 62,500.

ஆறாவது தரம் குதிக்காலில கொப்புளம். விறைச்ச கால், சுட்டது அவவுக்குத் தெரியவே இல்ல. போன் பண்ணினன். “நச்சுத்தண்ணி வெளியேறுது, நல்ல அடையாளம்” எண்டான். ரெண்டு நாளால காயம் நாறத் தொடங்கிட்டு. “சேர் கொழும்புக்குப் போயிட்டார்.” பிறகு “சேர் மீட்டிங்கில.” நேர போனா ஒரு பிள்ளை கதவைப் பாதி திறந்து, “துண்டைப் பாருங்கக்கா, காசு திருப்பித் தாறதில்ல எண்டு போட்டிருக்கு” எண்டிச்சு. அந்தத் துண்டுல விலாசமும் இல்ல, பதிவு நம்பரும் இல்ல. 62,500 ரூபாக்கு ஒரு கையெழுத்து மட்டும்.

காயத்துக்காகக் கவுண்மேந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாலதான் விசயம் வெளிய வந்திச்சு. அந்த டொக்டர் தங்கச்சி முழங்காலில சின்னச் சுத்தியலால தட்டி, குதியில நடக்கச் சொல்லி, பலம் பாத்தா. எத்தினை தேத்தண்ணி குடிக்கிறீங்க, நித்திரை எப்பிடி, வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறீங்களா எண்டெல்லாம் கேட்டா. சில பூச்சிமருந்து உடம்புல பட்டாலும் சதை துடிக்குமாம், எனக்குத் தெரியாது. ரத்தத்துல பீ12 விற்றமின் நல்லாக் குறைவு, பொட்டாசியமும் குறைவு. மெற்போமின் கனகாலம் குடிச்சா பீ12 உடம்புல சேராமப் போகும், மூத்திரக் குளிசை பொட்டாசியத்தை இறக்கும். சீனியும் சேந்து நரம்பைக் கெடுத்திருக்கு. இப்ப ஊசி போடுறாங்க, குளிசையும் மாத்தியிருக்கு. மருந்துக்கு ஒரு சதம் குடுக்கல்ல. பீ12 ரத்தம் மட்டும் வெளியில பாத்தம்.

விபரமா எழுதத்தான் தொடங்கினன், இப்ப ஏலாது, காயத்துக்கு மருந்து கட்டக் கூட்டிப்போகவேணும். இதை மட்டும் கேளுங்க. துடிப்போட கையோ காலோ பலமில்லாமப் போனா, சதை மெலிஞ்சா, உடன டொக்டரிட்டக் காட்டுங்க. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி விண் விண்ணெண்டு குத்தினா அது ரத்தக்கட்டியா இருக்கலாம், அண்டைக்கே போங்க. சீனி வருத்தக்காரர்ட காலைச் சுடுதண்ணியிலயோ சூட்டு மெசினிலயோ வைக்க விடாதீங்க. குழாயைப் பிடிச்சு ஒரு நிமிசத்துல எல்லா நோயும் சொல்லுற மெசினை நம்பாதீங்க. வெள்ளைக் கோட்டுக்காரன் மருத்துவ சபையில பதிஞ்சிருக்கானா எண்டு கேளுங்க.

நுகர்வோர் அதிகார சபையிட 1977 எண்ட நம்பருக்கு எடுத்துச் சொல்லியிருக்கன். இந்தப் பக்கத்துல வேற ஆரும் அப்பிடியொரு துண்டு வச்சிருந்தா கிழிச்சுப் போடாதீங்க, எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்க, சேந்து முறைப்பாடு குடுப்பம்.